எல்லைக்கோட்டானின் கையெழுத்து

14

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமேடு எஸ்டேட்டில் சங்கு ஊதாது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துப் பத்து வீடும் அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கும். முத்துப்பேச்சி மட்டும் ஐந்து மணிக்கே எழுந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பைப் பற்ற வைக்க மறந்துவிட்டாள்.

போன வாரம் இவளை யாக்கோபு டீக்கடை வாசலில், கையில் தூக்குவாளியோடு, வாயடைத்து நிற்க வைத்துவிட்டுப் போனோம். 'மலையோரம்' வாரப் பத்திரிகை கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் யாக்கோபு அதை உரக்கப் படிப்பார். கேட்க லயமே கூடும். அன்று கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. 'எல்லைக்கோட்டான் யார் என்று கேட்டு வந்த கடிதங்கள் மூட்டையாகிவிட்டன. நம் பத்திரிகையில் ஒளிவு மறைவு கிடையாது. அவருடைய கையெழுத்தை அப்படியே படம் பிடித்து பிளாக் எடுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லலாம்.'

அந்த அடுத்த இதழ் இன்றைக்கு மூன்று மணி பஸ்ஸில் வருகிறது.

எஸ்டேட் வாலிபால் ஆட்டங்களைப் பற்றி அந்தப் பத்திரிகையில் இரண்டு வருடமாக எழுதிவரும் எல்லைக்கோட்டான் சாட்சாத் முத்துப்பேச்சிதான். உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவள் புருஷன் சின்னமுத்துவுக்குத் தெரியாது. இன்றைக்கு மூன்று மணிக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் லயத்தில் எந்த வீட்டிலிருந்து ஊருக்குக் கடிதம் போனாலும் எழுதித் தருகிறவள் அவள். அவளுடைய 'ழ'வுக்கு வால் நீளம். கீழ்வரியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். யாக்கோபு நாகர்கோவிலில் இருக்கும் தன் அக்காவுக்கு அவளைக் கொண்டுதான் எழுதுவார். அந்த வாலை அவர் மறப்பாரா?

பத்திரிகை சொல்லிப் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். ஏழு நாள் இருந்தது. ஆறு நாளைத் தின்று தீர்த்தாயிற்று.

சின்னமுத்து எழுந்து வந்தான். ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் அறையில் வேலை. முப்பது வயது, உயரம் அதிகமில்லை. ஆனால் விரல்கள் நீளம். அந்த விரல்களால்தான் எஸ்டேட் அணியில் லிஃப்டராக இருக்கிறான். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். அவன் தூக்கிக் கொடுப்பதை அடித்துக் கைதட்டல் வாங்குகிறவன் சிலுவைராஜ்.

"இன்னைக்கு மூணு மணிக்கு ஒருத்தன் பாக்கியில்லாம கடைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றான், பல்லைத் துலக்கிக்கொண்டே. முகத்தில் கல்யாணக் களை. "அந்தக் களவாணிப் பய யாருன்னு தெரியட்டும். அப்புறம் இந்த மலையில அவன் இருக்கணுமா, நான் இருக்கணுமான்னு பாத்துருவோம்."

"என்னங்க, ஒரு விசயம்" என்று அவள் தொடங்கினாள்.

அதற்குள் வெளியே இரண்டு பேர் அவனைக் கூப்பிட்டார்கள். பிராக்டிஸ் பத்து மணிக்கு. அதற்கு முன்னால் வலை கட்ட வேண்டுமாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டான். அவள் வாயில் வந்த சொல்லை எச்சிலோடு விழுங்கினாள்.

இந்த இடத்தில் முத்துப்பேச்சியின் மேல் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் பாவம், அவள் சொல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 'மலை எஸ்டேட் செய்திகள் வரவேற்கப்படுகின்றன' என்ற வரியைப் பார்த்து, குழாயடி மேட்டிலிருந்து பார்த்த ஓர் ஆட்டத்தை விளையாட்டாக எழுதி அனுப்பினாள். பெண்பிள்ளை வாலிபால் பற்றி எழுதினால் எவன் படிப்பான் என்று எல்லைக்கோட்டான் என்று பெயர் போட்டாள். அந்த வாரம் சின்னமுத்து கடையிலிருந்து வந்து சொன்னான்: "எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான் புள்ள. லிஃப்டருக்கு என்ன வேலைன்னு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு அவந்தேன்."

அவன் அப்படி அவளை நேரில் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. வாரா வாரம் எல்லைக்கோட்டானைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினான். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் அது நின்றுபோகும் என்று பயந்தாள். அதுதான் காரணம்.

பிறகு பொங்கலுக்கு எஸ்டேட்டுகளுக்கு இடையிலான ஷீல்டு ஆட்டம் வந்தது. இறுதியில் வெள்ளிமேடும் சூரியநெல்லியும். கடைசி செட்டு, பதினான்குக்குப் பதின்மூன்று. சின்னமுத்து தூக்கிக் கொடுத்தான், சிலுவைராஜ் அடித்தான், வெள்ளிமேடு ஜெயித்தது. ஆனால் தூக்கிக் கொடுக்கும்போது பந்து சின்னமுத்துவின் கையில் இரண்டு தடவை பட்டது. டபுள் டச். விசில் ஊதியிருக்க வேண்டும். ரெஃபரி பார்க்கவில்லை. குழாயடி மேட்டிலிருந்து முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள்.

மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வேறு எவனாவது செய்திருந்தால் எழுதாமல் இருப்பேனா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். எழுதியிருப்பாள். ஊரான் புருஷனுக்கு ஒரு கோடு, தன் புருஷனுக்கு ஒரு கோடா? எழுதினாள். வெற்றிப் புள்ளி தவறானது என்று பச்சையாக எழுதினாள். சிலுவைராஜின் ஆட்டத்தை மட்டும் பாராட்டி, 'முழங்கால் வீக்கத்தோடு ஆடினார் என்பது அவரோடு சம்சாரம் செய்ததில் தெரிந்தது' என்று ஒரு வரி சேர்த்தாள்.

வினை அந்த வரியில் இருந்தது.

எஸ்டேட்டில் பிறந்து மலையாளப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குச் சம்சாரம் என்றால் பேச்சு. மலையில் எல்லோருக்கும் அப்படித்தான். 'சம்சாரிச்சுட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகாத ஆள் வண்டிப்பெரியாறு கடைவீதியில் கிடையாது. மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய்விட்டால் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. சம்சாரம் பண்ணினேன் என்றால் குடித்தனம் நடத்தினேன். அச்சுக் கோர்த்தவருக்கு அது உறைக்கவில்லையோ, வேண்டுமென்றே விட்டாரோ, யார் கண்டது.

அடுத்த வாரமே கடிதங்கள் தொடங்கின. எல்லைக்கோட்டான் சூரியநெல்லியிடம் விலைபோய்விட்டான் என்று ஒருவர். இல்லை, அவன் ஒருவன்தான் நேர்மையானவன் என்று இன்னொருவர். 'நடுநிலையான்' என்று ஒருவர், 'உண்மை விளம்பி' என்று ஒருவர். இரண்டும் கம்பம்மெட்டு ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் என்று பிறகு தெரிந்தது. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நாலு வரி எழுதினார்கள். பந்தையே பார்க்காதவர்கள் நாலு பக்கம் எழுதினார்கள். விளையாட்டுச் செய்தி எழுதுகிறவன் ஆட்டக்காரனோடு பேசலாமா கூடாதா என்று உத்தமபாளையத்தில் ஒரு சலூனில் கைகலப்பே நடந்ததாம். ஒருவர் அட்டையில் ஒன்றும் எழுதாமல் செருப்புப் படம் மட்டும் வரைந்து அனுப்பினார். பத்திரிகை அதையும் போட்டது.

இன்னொருவர் கேலியாகக் கேட்டிருந்தார்: 'எல்லைக்கோட்டானே, ஆணோடு ஆணுக்கு என்னய்யா சம்சாரம்?'

கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னமுத்துதான் அதிகம் சிரித்தான். எல்லைக்கோட்டான் ஆண் என்று நினைக்கும்வரை அது வெறும் சிரிப்பு. பெண் என்று தெரிந்த மறுநிமிடம் அது என்ன ஆகும் என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். சிலுவைராஜ் மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இவளுக்கு ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. மனிதர்கள் வாய் எப்படியெல்லாம் கணக்குப் போடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. அந்தக் கடிதச் சண்டையில் முதல் கடிதமே சின்னமுத்துவினுடையது. "என் எழுத்து கோழி கெளறினாப்புல இருக்கும், நீ எழுது" என்று சொல்லி, அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லைக்கோட்டானைத் திட்டித் திட்டிச் சொன்னான். அவள் எழுதினாள். பொறாமை பிடித்தவன் என்றான், எழுதினாள். பெற்ற தாய்க்கே பொய் சொல்கிறவன் என்றான், அதையும் எழுதினாள். தன் கையே தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அதுதான் நடந்தது.

---

எட்டு மணிக்கு முத்துப்பேச்சி யாக்கோபுவின் கடைக்குப் போனாள். இன்றைக்கு ஒரு நாள் பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமல் வைக்க முடியுமா என்று கேட்டாள். யாக்கோபு நல்ல மனிதர். பிரிக்காவிட்டால் கடையையே பிரித்துவிடுவார்கள் தாயி என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்றார். அவள் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைச் சுவரில், பாய்லருக்கு மேலே, ஆணியில் அந்த ஷீல்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று சின்னமுத்துதான் அதை அங்கே மாட்டினான்.

வீட்டுக்கு வந்து மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். சுருளியம்மாள் முப்பது வருடம் கொழுந்து கிள்ளி, விரல் நுனி கறுத்து, இப்போது வீட்டோடு இருக்கிறவள். செவ்வாய்க்கிழமைதோறும் மருமகள் கொடுக்கும் உறையை வண்டிப்பெரியாறுக்குக் கொண்டுபோய்க் கம்பத்து பஸ் கண்டக்டரிடம் கொடுப்பவள் அவள்தான். கம்பத்தில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கடிதம் என்று முத்துப்பேச்சி சொல்லியிருந்தாள்.

"அத்த, இப்பவே பெரியாறுக்குப் போயி அந்தக் கண்டக்டர்கிட்டச் சொல்லி, இன்னைக்குப் பத்திரிக்கக் கட்ட எறக்காம வச்சுக்கிறச் சொல்லுவீகளா?"

சுருளியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். ஏன் என்று கேட்கவில்லை.

"ரெண்டு வருசமா ஒங்கம்மைக்குக் கடுதாசி கொண்டுபோறேன். ஒரு தடவ பதிலு வீட்டுக்கு வரல. ஞாயித்துக்கெழம யாக்கோபு கடையிலதேன் வந்துச்சு" என்றாள். "கொழாயடியில நான் சொன்ன சொலவடையெல்லாம் பத்திரிக்கையில வாசிக்கிறாக. எழுத்துத்தேன் தெரியாது, காது கேக்கும் எனக்கு."

முத்துப்பேச்சிக்கு உயிரே போய்விட்டு வந்தது. தெரிந்தே கொண்டுபோனீர்களா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மகன் புகழ்ந்துகொண்டு வரும்போது உன் முகத்தைப் பார்ப்பேன், எனக்கு அது போதும் என்றாள் மாமியார். சிலுவைராஜோடு பேசியதாக எழுதினாயே, அப்போது குடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதே நான்தான் என்றாள்.

"அதச் சொன்னா யாரு அத்த நம்புவா? மாமியாவும் மருமகளும் சேந்து மறைக்கிறாளுகன்னு சொல்லுவாக."

"சொல்லுவாக."

முத்துப்பேச்சி அழுதாள். எங்கேயாவது போய்விடுகிறேன் என்றாள். ஆற்றில் விழுந்துவிடுகிறேன் என்றுகூட ஒரு வார்த்தை வந்தது. சுருளியம்மாள் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இந்த பஸ்ஸ நிறுத்தினா அடுத்த பஸ்ஸு வரும். எத்தன பஸ்ஸ நிறுத்துவ? அவன்கிட்ட நீ போயிச் சொல்லு. நீ சொல்லி அவன் கேட்டா புருசனாக் கேப்பான். கடையில வச்சுக் கேட்டா ஆம்பளையாக் கேப்பான். அதுக்கும் இதுக்கும் தூரம் இருக்கு புள்ள."

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? ஆனாலும் கிளம்ப அவளுக்கு மனம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான், அப்போது சொல்லலாம் என்று சோறு வடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. மைதானத்துக்கே பன்னும் டீயும் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

---

மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை, வழக்கம். முத்துப்பேச்சி கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

சிலுவைராஜ்தான் முதலில் பார்த்தான். "அண்ணே, மதினி வந்திருக்காக" என்று சொல்லிவிட்டுப் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். சின்னமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன புள்ள? ஆத்தாளுக்கு எதுவுமா?"

"அத்த நல்லா இருக்காக." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எல்லைக்கோட்டான் நாந்தேங்க."

அவன் சிரித்தான். யாரோ அவளை ஏவிவிட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பிக்கூடப் பார்த்தான், எவன் சிரிக்கிறான் என்று. ஒருவனும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைத் திரும்பப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் கடிதம், உறை, கண்டக்டர், குழாயடி மேடு, அந்த வார்த்தை. மூச்சு விடாமல் சொன்னாள். நின்றால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவன் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்லச் சொல்ல ஒரு கடுதாசி எழுதினயே" என்றான் கடைசியில். "ஒன்னையத் திட்டி. அத அப்படியேவா எழுதின?"

"ஒரு வார்த்த மாத்தலங்க."

"எழுதையில கை கூசலயா?"

"கூசுச்சு."

அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ரொம்ப நாள் கூடப் பழகிய ஒருவன் செத்துப்போனான் என்று கேட்டவன் முகம். அவன் வாரா வாரம் கொண்டாடிய அந்த ஒருவன் உண்மையிலேயே இன்றைக்குச் செத்துப்போனான் அல்லவா? முத்துப்பேச்சிக்கு அது புரிந்தது.

"வேற எவனாச்சும் தூக்கியிருந்தாலும் அப்படித்தேன் எழுதியிருப்பேன்" என்றாள். "ஒங்களுக்குன்னு தனியா ஒரு கோடு எனக்குப் போடத் தெரியல. நீங்களே சொல்லுங்க. பந்து ரெண்டு தடவ பட்டுச்சா, இல்லையா?"

சின்னமுத்து தன் விரல்களைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

மேட்டு வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஹோவென்று கத்திக்கொண்டு கடையைப் பார்த்து ஓடினார்கள். இரண்டு பேர் வந்து சின்னமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

---

கடைக்குள்ளே ஆண்கள், வெளியே ரோட்டில் பெண்கள். கங்காணி வேலாண்டியும் வந்திருந்தார். லயத்து ஆள் இல்லை; தனி வீடு, தனி மரியாதை. லிஃப்டர் இடம் தன் தம்பிக்குக் கிடைக்கவில்லை என்று சின்னமுத்துவின் மேல் தீராத வன்மம். அத்தனை பேருக்கு நடுவில் அவருக்கு மட்டும் ஸ்டூல் கிடைத்தது.

யாக்கோபு கட்டைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காலையில் கடை வாசலில் நின்ற முத்துப்பேச்சியின் முகம் அவருக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பத்திரிகையை மடித்து, கண்ணாடி எடுத்து வரவில்லையே என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

வேலாண்டி பத்திரிகையைப் பிடுங்கினார்.

ஒன்றுக்கு இரண்டு பிளாக் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் எல்லைக்கோட்டானின் கையெழுத்து. வலப்பக்கம், எல்லைக்கோட்டானைக் கண்டித்து சின்னமுத்து எழுதிய முதல் கடிதம். இரண்டிலும் அதே 'ழ', அதே நீள வால். கீழே பத்திரிகை தன் தீர்ப்பையும் எழுதியிருந்தது: 'இரண்டும் ஒரே கை என்பதை வாசகர்கள் காணலாம். ஆக, திருவாளர் சின்னமுத்துவே எல்லைக்கோட்டான். தன்னைத் தானே திட்டிக் கடிதம் எழுதிப் பரபரப்பு உண்டாக்கி, நம்மையும் வாசகர்களையும் ஏமாற்றியிருக்கிறார்.'

வேலாண்டி இதை உரக்க இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

ரோட்டில் நின்ற முத்துப்பேச்சிக்கு முதலில் புரியவே இல்லை. கடிதம் எழுதியது தன் கை என்பதை அவள் யோசித்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. தன் மேல் விழ வேண்டிய இடி அவன் மேல் விழுந்திருந்தது.

"என்னடா இது?" என்றார் வேலாண்டி.

சின்னமுத்து கூட்டத்துக்கு மேலாக ரோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரே ஒரு கணம்தான்.

"ஆமா. நாந்தேன்" என்றான்.

கூட்டம் இரைந்தது. கூட ஆடுகிறவர்களே அவனைவிட்டு ஓர் அடி விலகி நின்றார்கள். அவனுக்காகத்தானே ஆறு வாரமாக ஊரோடு சண்டை போட்டார்கள். சிலுவைராஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான், ஒன்றும் விளங்காமல்.

அந்த 'நாந்தேன்' எதற்கு என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். எல்லைக்கோட்டான் ஆணாகவே இருந்துவிட்டால் சம்சாரம் வெறும் சிரிப்பாகவே இருந்துவிடும். அவள் பெயர் வெளியில் வராது. பேசாமல் நின்றால் தப்பித்துவிடலாம். நிற்கத்தான் நினைத்தாள். மறைக்காமல் சொல்லுகிறேன், ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் வேலாண்டி லேசுப்பட்டவர் இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பத்திரிகையின் ஓரத்தைக் காட்டினார்.

"அப்ப எழுதிக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும். வாழைப்பழம்னு எழுது. ரெண்டு ழ வருது பாரு."

சின்னமுத்து பென்சிலை வாங்கினான். மேஜைமேல் குனிந்தான். பந்தை இம்மி பிசகாமல் தூக்கும் அந்த நீள விரல்கள் பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தன. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை காகிதத்தில் விழுந்தது.

முத்துப்பேச்சி யாரையும் பார்க்கவில்லை. பெண்கள் ஏறாத கடைப் படியில் ஏறினாள், ஆண்களை விலக்கிக்கொண்டு போனாள், அவன் விரல்களுக்குள்ளிருந்து பென்சிலை எடுத்தாள். வாழைப்பழம் என்று எழுதினாள். இரண்டு வாலும் நீளமாக இறங்கின.

"ரெண்டும் நாந்தேன் எழுதினது" என்றாள். "அவுக பேருல போன கடுதாசி அவுக சொல்லி எழுதினது. எல்லைக்கோட்டான் நானா எழுதினது. அவுகளுக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது."

இத்தனை காலம் அவளிடம் கடிதம் எழுதி வாங்கிய கூட்டம் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. வெளியே ஒரு கிழவி மட்டும் 'அடி பாதகத்தி' என்றாள். திட்டினாளா, மெச்சினாளா என்று தெரியவில்லை.

வேலாண்டியின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அவள் ஏழு நாளாகப் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான்.

"ஓகோ. அப்ப சிலுவராசுகூட சம்சாரம் பண்ணினது நீதேனா?" என்றார். கடைக்குள் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவர் சின்னமுத்துவின் பக்கம் திரும்பினார். "ஏண்டா, இவ யாரு சம்சாரம்?"

சிலுவைராஜ் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். சின்னமுத்து அவன் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தான். சத்தம் போடவில்லை. நிமிர்ந்து நின்று, ரோட்டில் கடைசியில் நிற்கிறவளுக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான்.

"என் சம்சாரம்."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேலாண்டி மறுபடி வாயைத் திறந்தார். யாக்கோபு கொதிக்கிற பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் பிடித்து அவர் கைக்கு அருகில் வைத்தார், கொஞ்சம் அருகிலேயே வைத்தார். கங்காணி வாயை மூடிக்கொண்டார்.

முத்துப்பேச்சிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. போதும், இந்த ஒரு சொல் போதும், இனி யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று நினைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்புவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

அணியில் இளையவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப அண்ணே, அந்த டபுள் டச்சு?"

சின்னமுத்து பெஞ்சின் மேல் ஏறினான். சுவரில் தொங்கிய ஷீல்டை ஆணியிலிருந்து கழற்றினான். தோளில் கிடந்த துண்டை விரித்து அதைச் சுற்றினான். எஸ்டேட் பொருளில் கை வைத்தால் ஆபீசில் சொல்லிச் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று வேலாண்டி கத்தினார். அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வந்த பஸ் திரும்பி நின்று கம்பத்துக்குக் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. நேராகப் போய் ஏறினான்.

முத்துப்பேச்சி பின்னால் ஓடினாள். சுருளியம்மாள் ரோட்டில் நின்று "ஏலே, எங்கடா போற" என்று கேட்டாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு சுற்றிய ஷீல்டு. இன்னொரு கையில் அந்தப் பத்திரிகை. முத்துப்பேச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீக? பத்திரிக்க ஆபீசுக்கா? என்னத்தச் சொல்லப் போறீக? நானும் வாரேன், எதுனாலும் நான் எழுதித் தாரேன்."

பஸ் நகர்ந்தது. அவன் அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை, பந்தைத் தூக்குவதுபோல மெதுவாகத்தான் எடுத்தான்.

"வேணாம் புள்ள" என்றான். "அடுத்த கடுதாசிய நானே எழுதிக்கிறேன்."

பஸ் மேட்டு வளைவில் திரும்பி மறைந்தது. முத்துப்பேச்சி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டாவது பாஸ் என்று பொய் சொல்லி ஃபாக்டரி வேலையில் சேர்ந்த சின்னமுத்துவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுதத் தெரியாது. அது இந்த மலையில் அவளுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் மட்டும்தான் தெரியும்.